தொழிற்கல்விக்குச் செலவு செய்பவர் யார்?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



பிற நாடுகளில் தொழிற்கல்விக்கும், பள்ளிப் படிப்புக்குப் பிந்திய கல்விக்கும் அரசாங்கங்கள் செய்யும் செலவைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். வட்டார வளர்ச்சி அலுவலர் என்றால் சாலை, குடிநீர், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அயல்நாட்டு வரவு செலவுக் கணக்கு இவருக்கு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இப்பொருளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு விவசாயி கேட்ட கேள்வியே அதற்குக் காரணம்.

சென்ற ஆண்டு கிராம சபைக் கூட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அந்த விவசாயிக்கு இரண்டு ஏக்கர் நிலம், இரண்டு பிள்ளைகள். மூத்தவனை நகையை அடகு வைத்துப் பொறியியற் கல்லூரியில் சேர்த்தார். அவன் மூன்றாம் ஆண்டில் தேர்ச்சி பெறாத பாடங்களின் சுமை தாங்காமல் நின்றுவிட்டான். இளையவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் தொழில் கற்கச் சேர்ந்தான். ஆறே மாதத்தில் அவனும் நின்றுவிட்டான். கட்டணம் காரணமன்று. அறுவடை இயந்திரத்துடன் சென்றால் நாள்தோறும் கூலி கிடைக்கிறது. பயிற்சிக்குச் சென்றால் அந்தக் கூலி போகிறது. கைச்செலவு வேறு ஆகிறது. அவ்விவசாயி எழுந்து, “அயல்நாடுகளில் தொழில் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே எல்லாம் கொடுக்கிறதாமே ஐயா, எவ்வளவு கொடுக்கிறார்கள்?” என்று கேட்டார்.

நான் எங்கோ படித்திருந்ததை நினைவில் வைத்து, நாட்டு வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்குச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “சதவீதம் இருக்கட்டும் ஐயா. ஒரு பையன் படித்தால் அவன் வீட்டுக்கு என்ன வரும்? அதைக் கொடுப்பவர் யார்?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது. அதன் பின்னரே இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் நமக்கு வேண்டியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சதவீதம் சொல்லாதது

இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் தத்தம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குகின்றன. ஒரு குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் நன்செய், ஒரே பிள்ளை. மற்றதற்கு ஓர் ஏக்கர் புன்செய், நான்கு பிள்ளைகள். சதவீதம் ஒன்றுதான். ஆனால் ஒரு பிள்ளையின் கைக்கு வரும் புத்தகமும் நோட்டும் ஒன்றாகுமா? ஆகவே, நாட்டு வருமானத்தில் இத்தனை பங்கு என்னும் கணக்கைக் கேட்டவுடன், “எத்தனை மாணவருக்கு?” என்று கேட்க வேண்டும்.

அடுத்ததாக, எதை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நோயாளிக்குப் பணிவிடை செய்யும் செவிலியர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். இங்கிலாந்தில் 2013 முதல் செவிலியராக விரும்புவோர் பல்கலைக்கழகப் பட்டம் பெற வேண்டும். ஜெர்மனியிலோ பெரும்பாலோர் மருத்துவமனையுடன் இணைந்த மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியின் வாயிலாகவே செவிலியர் ஆகின்றனர். ஒரே வேலைக்கான பயிற்சிச் செலவு ஒரு நாட்டில் பல்கலைக்கழகக் கணக்கிலும், மற்றொரு நாட்டில் தொழிற்கல்விக் கணக்கிலும் ஏறுகிறது. இக்குழப்பத்தைக் குறைக்கவே யுனெஸ்கோ நிறுவனம் கல்வி நிலைகளுக்கு உலகப் பொதுவான வகைப்பாடு ஒன்றை வகுத்து, 2011-இல் அதனைத் திருத்தியமைத்தது. எனினும் குழப்பம் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

கடனாகக் கொடுத்த பணத்தை எப்படி எழுதுவது என்பது மற்றொரு சிக்கல். இங்கிலாந்தில் பல்கலைக்கழக மாணவருக்கு அரசாங்கம் கடன் கொடுக்கிறது. படித்து முடித்தபின் வருமானம் ஓர் அளவைத் தாண்டினால்தான் அவர் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தபின் மிச்சக் கடன் தள்ளுபடியாகும். திரும்பி வராது என்று கருதப்படும் பகுதியைக் கடன் கொடுக்கும்போதே அரசாங்கச் செலவாக எழுத வேண்டும் என்று அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகம் 2018 டிசம்பரில் தீர்மானித்தது. அதனால் கணக்கில் செலவு பெருகியது. ஆனால் எந்த மாணவருக்கும் ஒரு பவுன்கூட அதனால் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

செலவு என்பது பணமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் 1862-இல் நிறைவேறிய மாரில் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் பொது நிலம் ஒதுக்கப்பட்டது. நிலத்தை விற்று வந்த நிதியைக் கொண்டு வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் நடத்தின. அவ்வழியைப் பின்பற்றியே நம் நாட்டின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1960-இல் பந்த்நகரில் தோன்றியது. கோயம்புத்தூரில் இருந்த வேளாண்மைக் கல்லூரி 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் அந்த வரிசையில் வந்ததே. அமெரிக்க அரசாங்கம் அன்று கொடுத்த பெருங்கொடை நிலம். பணக்கணக்கை மட்டும் புரட்டுபவருக்கு அதன் அளவு புலப்படாது.

ஜெர்மனி: மூவர் சுமக்கும் சுமை

இனி அந்த விவசாயியின் கேள்விக்கு வருவோம். ஜெர்மனியில் தொழில் பழகும் இளைஞன் முதலில் ஒரு தொழிற்சாலையுடனோ பட்டறையுடனோ ஒப்பந்தம் செய்துகொள்கிறான். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் அங்கே வேலை பழகுகிறான். எஞ்சிய ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளிக்குச் செல்கிறான். பயிற்சிக் காலம் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள். இவ்வாறு கற்பிக்கப்படும் தொழில்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை. விவசாயமும் அவற்றுள் ஒன்று என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அங்கே அங்கீகாரம் பெற்ற பண்ணையில் மூன்றாண்டு பழகித் தேர்வு எழுதி விவசாயி எனச் சான்று பெறுகிறார்கள். நாடு முழுவதற்கும் பொதுவான தொழிற்பயிற்சிச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது.

இதற்குச் செலவு செய்பவர் யார்? தொழிற்பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை மாநில அரசாங்கம் தருகிறது. பள்ளிக் கட்டிடத்தையும் கருவிகளையும் பெரும்பாலும் மாவட்ட அல்லது நகர ஆட்சி மன்றம் கவனித்துக்கொள்கிறது. உங்களைப் போலத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களே அதற்கான நிதியை ஒதுக்குகிறார்கள். பட்டறையில் நடக்கும் பயிற்சியின் செலவும், பழகுபவனின் மாத உதவித்தொகையும் முதலாளியைச் சேர்ந்தவை. 2020-இல் தொடங்கும் பயிற்சிக்கு முதலாண்டில் மாதம் 515 யூரோவுக்குக் குறையாமல் உதவித்தொகை தரவேண்டும் என்று சட்டம் விதித்தது. அதற்குப் பின் இத்தொகை ஆண்டுதோறும் உயர்ந்து வந்துள்ளது.

முதலாளிகள் இதைத் தருமமாகவா செய்கிறார்கள்? அந்நாட்டுத் தொழிற்கல்வி நிறுவனம் 2017–18-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கைப் பாருங்கள். பழகுபவர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு ஏறத்தாழ 20,900 யூரோ. பழகும்போதே அவர் செய்யும் வேலையின் மதிப்பு ஏறத்தாழ 14,400 யூரோ. ஆகவே முதலாளி உண்மையில் தாங்கும் செலவு 6,500 யூரோ அளவே. அதற்கு ஈடாக, தன் பட்டறையின் வேலை முறையை அறிந்த தொழிலாளி அவருக்குக் கிடைக்கிறார்.

அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் முதலாளியின் இந்தப் பங்கு தனித் தலைப்பாகத் தோன்றாது. எனவே அரசாங்கச் செலவை மட்டும் வைத்து ஜெர்மனியை அளப்பவர், மூவர் சுமக்கும் சுமையில் ஒருவரின் பங்கை மட்டுமே அளக்கிறார்.

இம்முறையிலும் குறை உண்டு. முதலாளி இடம் கொடுத்தால்தான் பயிற்சி. 2019-இல் 5 லட்சத்து 25 ஆயிரமாக இருந்த புதிய பயிற்சி ஒப்பந்தங்கள், கொரோனா நோய் பரவிய 2020-இல் 4 லட்சத்து 67 ஆயிரமாகக் குறைந்தன. பயிற்சி இடம் கிடைக்காத இளைஞர் இடைக்கால வகுப்புகளில் சேர்கின்றனர். ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வகையில் காத்திருக்க நேர்ந்த ஆண்டுகள் பல. பிறரைப் பார்த்துக் கற்கும்போது அவர்களுடைய நிறையோடு குறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து: சாய்ந்த தராசு

இங்கிலாந்தில் பள்ளிக்குப் பிந்திய கல்வியை ஆராய அரசாங்கம் பிலிப் ஆகர் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2019 மே மாதத்தில் வெளியான அக்குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு என் நெஞ்சில் தைத்தது. 2017–18-இல் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புப் படித்த 12 லட்சம் பேருக்காக 800 கோடி பவுனுக்கு மேல் செலவாயிற்று. தொழிற்கல்லூரிகளிலும் பிற கல்லூரிகளிலும் முழு நேரமாகவோ பகுதி நேரமாகவோ பயின்ற வயது வந்தோர் 22 லட்சம் பேர். அவர்களுக்குக் கிடைத்தது 230 கோடி பவுன். தலைகள் ஏறத்தாழ இரு மடங்கு. பணமோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பகுதி நேரமாகப் படிப்பவருக்குச் செலவு குறைவுதான் என்பதை ஒப்புக்கொண்டாலும், தராசு எப்பக்கம் சாய்ந்தது என்பதில் ஐயமில்லை.

இதற்குள் அந்நாடு வேறொரு வழியையும் தொடங்கியிருந்தது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 30 லட்சம் பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள், அந்த வரம்புக்கு மேற்பட்ட சம்பளத் தொகையில் நூற்றுக்கு அரைப் பங்கைப் பயிற்சி வரியாகச் செலுத்த வேண்டும் என விதித்தது. அப்பணத்தைத் தொழில் பழகுநரின் பயிற்சிக்கு நிறுவனமே பயன்படுத்திக்கொள்ளலாம். நோக்கம் நல்லது. ஆயினும் 2016–17-இல் 4 லட்சத்து 94 ஆயிரம் பேர் தொழில் பழகச் சேர்ந்தனர். அடுத்த ஆண்டில் சேர்ந்தவர் 3 லட்சத்து 75 ஆயிரம் பேரே. பல நிறுவனங்கள் புதிய இளைஞரைச் சேர்ப்பதை விட்டு, தம்மிடம் முன்னரே வேலை செய்பவரின் மேற்பயிற்சிக்கு அப்பணத்தைத் திருப்பின. மடையைத் திறந்துவிட்டால் போதாது. எந்த வயலுக்கு நீர் பாய்கிறது என்று நின்று பார்க்க வேண்டும் என்பதை விவசாயிகளாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டென்மார்க்: ஊர்ப் பொது வேலை போல

ஒரு பட்டறைக்காரர் பாடுபட்டு ஒரு பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறார். கற்று முடித்தவுடன் பக்கத்துப் பட்டறைக்காரர் ஐம்பது ரூபாய் கூட்டிக் கொடுத்து அவனை அழைத்துக்கொள்கிறார். கற்றுக்கொடுத்தவருக்கு நட்டம்; கற்றுக்கொடுக்காதவருக்கு லாபம். இந்நிலையில் அடுத்த பையனுக்கு யார் கற்றுக்கொடுப்பார்?

டென்மார்க் நாடு இதற்கு 1977-இல் ஒரு வழி கண்டது. தொழில் கற்பிக்கும் முதலாளியும் கற்பிக்காத முதலாளியும் தம்மிடம் உள்ள வேலையாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். அரசு அலுவலகங்களும் இதற்கு விலக்கல்ல. தொழில் பழகுபவன் பள்ளியில் இருக்கும் வாரங்களிலும் அவனுக்கு முதலாளி கூலி கொடுக்கிறார். அந்நாட்களுக்குரிய கூலி அந்தப் பொது நிதியிலிருந்து அவருக்கு ஈடு செய்யப்படுகிறது.

இது நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் கண்மாய் மராமத்தைக் குடிமராமத்தாகச் செய்தபோது, கண்மாய் நீர் பாயும் நிலமுடையோர் அனைவரும் ஆள் அனுப்பினர். ஒருவன் கரையை அடைக்க, மற்றவன் நீரை மட்டும் பாய்ச்சிக்கொள்ள ஊர் இடம் கொடுக்கவில்லை. கைத்தொழில் அறிந்த இளைஞரும் கண்மாய் நீரைப் போலப் பொதுச் செல்வமே.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டில் கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் தொழில் பழகுநரைச் சேர்க்கக் கடமைப்பட்டவை. பழகுநருக்கு நிறுவனம் தரும் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரையில், மத்திய அரசாங்கம் ஏற்கும் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை நம் மாநில அரசு 2022-இலும், மாணவருக்கான திட்டத்தை 2024-இலும் தொடங்கியது. பட்டப்படிப்புக்கு மட்டுமன்றித் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவருக்கும் இவை உரியவை ஆக்கப்பட்டன. வீட்டுக்கு என்ன வரும் என்ற கேள்விக்கு இவை ஒரு பகுதி விடை.

மறு பகுதியில் ஊராட்சிக்கும் பங்கு உண்டு. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவையென 29 பொருள்கள் குறிக்கப்பட்டுள்ளன. பதினெட்டாவது பொருள் தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும் ஆகும். சாலையும் விளக்கும் போல இதுவும் நம் பட்டியலில் இருக்கிறது. ஜெர்மானிய மாவட்ட மன்றத்தைப் போலத் தொழிற்பள்ளி கட்ட நம்மிடம் நிதி இல்லை என்பது உண்மையே. ஆனால் நிதியின்றிச் செய்யக்கூடியவையும் உண்டு.

முதலாவதாக, கடந்த மூன்றாண்டுகளில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்த, அல்லது இடையில் நின்ற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு சிற்றூருக்கும் வேண்டும். யார் படிக்கிறார், யார் வேலை பழகுகிறார், யார் இரண்டுமின்றி இருக்கிறார் என்று எதிரே எழுதுங்கள். ஊராட்சி உறுப்பினருக்குத் தம் வார்டுப் பிள்ளைகளைத் தெரியாதா? இரண்டாவதாக, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து நின்றுபோனவன் எதனால் நின்றான் என்று அவன் வீட்டில் கேளுங்கள். மூன்றாவதாக, நம் வட்டாரத்தைச் சுற்றியுள்ள ஆலைகளில் முப்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகள் எவை என்று பட்டியலிட்டு, தொழில் பழகுநரைச் சேர்த்திருக்கிறார்களா என்று விசாரிக்குமாறு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குக் கிராம சபைத் தீர்மானத்தை அனுப்புங்கள். நான்காவதாக, அரசாங்கம் தரும் உதவித்தொகைகளைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். கேட்டறியாதவருக்கு ஒதுக்கிய பணம் கணக்கில் மட்டுமே செலவாகும்.

அந்த விவசாயியின் இளைய மகன் என்னவானான் என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் பின்னர் அவர் வீட்டுக்குச் சென்றேன். பயிற்சி நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு. அவ்வூரிலிருந்து செல்லும் முதல் பேருந்து ஒன்பதே கால் மணிக்குத்தான் நகரத்தை அடைகிறது. இலவசப் பயணச் சீட்டு அவனிடம் இருந்தது. ஆனால் அதற்கேற்ற பேருந்து இல்லை. நாள்தோறும் தாமதம், அதனால் வருகைக் குறைவு, அதனால் கண்டிப்பு. நேரத்துக்குச் செல்ல வேண்டுமானால் ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் அறுபது ரூபாய் கொடுக்க வேண்டும். கூலியும் போய், அறுபது ரூபாயும் போவதை அவ்வீடு தாங்கவில்லை. கிராம சபையில் நாட்டு வருமானத்தின் சதவீதத்தைச் சொன்ன நான், அந்தப் பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேருந்தை முக்கால் மணி நேரம் முன்னதாக இயக்கக் கோரி அவ்வூராட்சி தீர்மானம் நிறைவேற்றியது. நாங்களும் போக்குவரத்து அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினோம். இவ்வாண்டு ஜூன் முதல் பேருந்து நேரம் மாறியிருக்கிறது. அந்தப் பையன் திரும்பிச் சேரவில்லை. அறுவடை இயந்திரத்தோடு வெளி மாவட்டங்களுக்குச் சென்றுவிட்டான். அவனைப் பொறுத்தவரை நாம் பிந்திவிட்டோம். ஆனால் அதே தெருவிலிருந்து மூன்று பிள்ளைகள் இப்போது அந்தப் பேருந்தில் போகிறார்கள்.

நண்பர்களே! எந்த நாடு அதிகம் செலவழிக்கிறது என்று கேட்பதில் தவறில்லை. அத்துடன், எத்தனை பேருக்கு, யார் கொடுத்து, எவர் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்விகளையும் கேளுங்கள். இவற்றை ஜெர்மனியைப் பார்த்துக் கேட்பது எனக்கு எளிதாக இருந்தது. நம் ஊரைப் பார்த்துக் கேட்கும் பொறுப்பு உங்களுடையது. அடுத்த கிராம சபைக்கு வரும்போது அந்தப் பெயர்ப் பட்டியலோடு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.